போரட்: இதற்கா இத்தனை புகழ்?

கலா_திருச்சி:
"வயிறு வலிக்கச் சிரிப்பீங்க" என்று ஆபீசில் ஒருவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2006-ல் வந்த போரட். சச்சா பேரோன் கோஹன் போரட் என்ற கஜகஸ்தான் டிவி நிருபராக வேஷம் கட்டி அமெரிக்கா முழுக்கச் சுற்றி, எதிரில் இருப்பவர் நடிகர் என்றே தெரியாத ஆட்களிடம் பேட்டி எடுக்கும் படம். நடிப்புக்கு கோல்டன் குளோப், திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை. அதை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து வீட்டோடு உட்கார்ந்தோம்.

ஹோட்டல் அறையில் இரண்டு ஆண்கள் ஒட்டுத்துணி இல்லாமல் கட்டிப் புரள்கிறார்கள். அது அறையோடு முடியவில்லை, லிஃப்டில் இறங்கி, கூட்டம் நடக்கிற ஹாலுக்குள்ளேயே போய்விட்டது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். ஆனால் எனக்கு மனசு கெட்டது அதனால் இல்லை. ஆரம்பத்தில் ஒரு கிராமத்தைக் காட்டி, இவன் ஊர் கற்பழிப்பாளன், இவள் என் தங்கை, கஜகஸ்தானிலேயே நாலாவது பெரிய வேசி என்று போரட் ஒவ்வொருவராகக் கைகாட்டுகிறானே, அங்கேயே சிரிப்பு நின்றுபோனது.

கடைசி பெஞ்ச்:
கலா அக்கா, வீட்டோடு பார்க்கிற படமே இல்லை இது. அதைச் சொல்லாமல் விட்டது உங்கள் ஆபீஸ்காரரின் தப்பு.

ஆனால் படத்தை அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். விருந்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தென் மாநிலத்துப் பெரிய மனிதர்கள் வீடு. போரட் கழிவறைக்குப் போய்விட்டு மலத்தைப் பையில் போட்டு மேசைக்கே கொண்டு வருகிறான். வீட்டு அம்மா முகம் சுளிக்காமல் கூட்டிப்போய் எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லித் தருகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்பினப் பெண் விருந்தாளியாக உள்ளே வருகிறார். அவ்வளவுதான், விருந்து முடிந்தது, வெளியே போங்கள், போலீஸ் வரும் என்கிறார்கள். மலத்தைப் பொறுத்துக்கொண்டவர்களால் அந்தப் பெண்ணைப் பொறுக்க முடியவில்லை. இதை எந்தக் கட்டுரையில் எழுதினாலும் இந்தச் சூடு வராது. துப்பாக்கிக் கடையிலும் அப்படித்தான். யூதனிடமிருந்து காத்துக்கொள்ள எது நல்லது என்று கேட்கிறான், கடைக்காரர் கண் இமைக்காமல் பதில் சொல்கிறார். கேட்கிற கோஹனே யூதர்.

கலா_திருச்சி:
விருந்துக் காட்சி நல்ல காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே மாட்டிக்கொண்டவர்கள் வசதியானவர்கள், வாய் உள்ளவர்கள். கிராமத்துக்காரர்கள் அப்படியா? தேடிப் படித்தேன். அது கஜகஸ்தானே இல்லை, ருமேனியாவில் குளோட் என்ற ஊர். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் சேறு என்று அர்த்தம். அங்கே இருப்பவர்கள் ரோமா இனத்து ஏழைகள். ஆவணப்படம் எடுக்கிறோம் என்று சொன்னதாகத்தான் அவர்கள் சொல்கிறார்கள். கை இழந்த ஒரு பெரியவரின் கையில் ஆபாசமான ரப்பர் பொம்மையை மாட்டி நடிக்க வைத்திருக்கிறார்கள், அது என்ன பொருள் என்றே அவருக்குத் தெரியாதாம். இதில் எந்தப் பாசாங்கு அம்பலமானது, சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:
இன்னொரு பக்கமும் இருக்கிறது அக்கா. துணை நடிகர்களுக்கான உள்ளூர் கூலியைப் போல இரண்டு மடங்கு கொடுத்தோம் என்று ஸ்டுடியோ தரப்பு சொன்னது. அந்த ஊர்க்காரர்கள் இருவர் நியூயார்க்கில் 3 கோடி டாலர் கேட்டுப் போட்ட வழக்கு, புகாரில் தெளிவில்லை என்று நீதிபதி சொன்னதால் நிற்கவில்லை. அப்புறம், அந்தக் கிராமமே அமெரிக்கர்களின் மண்டைக்குள் இருக்கும் 'பின்தங்கிய நாடு'. அதை அவர்கள் நம்புவதுதான் நகைச்சுவை.

கலா_திருச்சி:
வழக்கு நிற்காததும் நடந்தது நியாயம் என்பதும் ஒன்றா? எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதை நம் ஊரிலும் பார்த்தவர்கள்தானே நாம்?

அல்மாட்டி_டாக்டர்:
நான் கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் மருத்துவம் படித்தவன், அதனால் குறுக்கே வருகிறேன். அந்த முகங்கள் கஜக் முகங்களே இல்லை. போரட் பேசுவது பெரும்பாலும் ஹீப்ரூ, கூட வரும் அசமத் பேசுவது ஆர்மீனியன்.

நான் பார்த்த கஜகஸ்தானைச் சொல்கிறேன். கூடப் படித்தவன் ஒருவன் வீட்டுக்குப் போனால் அவன் பாட்டி பால் ஊற்றிய தேநீரைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது, முழுக்க ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம். பாதி ஊற்றினால் திரும்பத் திரும்ப ஊற்றலாம், விருந்தாளி கூட நேரம் இருப்பார். அந்தப் பாட்டியின் பேரன் வெளிநாட்டில் நாட்டின் பெயரைச் சொன்னால் எதிராளி முதலில் போரட் குரலில் பேசிக் காட்டுகிறார். 2012-ல் குவைத்தில் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கம் வாங்கிய கஜக் வீராங்கனை மேடையில் நிற்க, படத்தில் வரும் போலி தேசிய கீதத்தைப் போட்டார்கள். நெஞ்சில் கை வைத்து அது முடியும்வரை நின்றார் அவர்.

கடைசி பெஞ்ச்:
அது கொடுமைதான் டாக்டர், மறுக்க மாட்டேன். ஆனால் அதே 2012-ல் அவர்களின் வெளியுறவு அமைச்சரே, படத்துக்குப் பிறகு விசா பத்து மடங்கு கூடியது என்று சொல்லி நன்றி தெரிவித்தார். 2020-ல் அவர்கள் சுற்றுலாத் துறை போரட்டின் 'வெரி நைஸ்' வசனத்தையே விளம்பரமாக்கியது.

அல்மாட்டி_டாக்டர்:
உண்மை. அவர்கள் பெருந்தன்மைக்கு அது சாட்சி. ஆனால் அடி வாங்கியவன் சமாளித்து எழுந்ததை, அடித்தவன் கணக்கில் வரவு வைக்காதீர்கள் தம்பி. அதோடு, கஜகஸ்தானுக்கு அமைச்சர் இருந்தார், விளம்பரம் எடுக்கக் காசு இருந்தது. கலா சொல்கிற குளோட்டுக்கு என்ன இருந்தது?

கடைசி பெஞ்ச்:
சரி, குளோட் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அந்தக் காட்சிகளுக்கு நடிகர்களையே வைத்திருக்கலாம். விருந்துக்கு வந்த கறுப்பினப் பெண்ணாக நடித்த லூனல் நடிகைதானே, அதனால் காட்சி ஒன்றும் பலவீனமாகவில்லையே. ஆனாலும் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். குதிரை, காளை மேல் ஏறி அடக்கும் ரோடியோ போட்டி மைதானத்தில், ஈராக்கில் ஒவ்வொரு ஆண், பெண், குழந்தையின் ரத்தத்தையும் புஷ் குடிக்கட்டும் என்று அவன் சொல்ல, கூட்டம் ஆரவாரம் செய்கிறதே, அதைப் பதிவு செய்ய அந்த நேரத்தில் வேறு யாருக்குத் தைரியம் இருந்தது?

கலா_திருச்சி:
அந்த இடத்தில் என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நிஜமாவே கைதட்டுறாங்களாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதையும் எழுதாமல் விட்டால் தப்பு. அந்தப் பெரியவரின் கையைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவனுக்கும் அது என்னவென்று தெரியாது.