கொட்டகலையிலிருந்து மகரகமவுக்குச் சைக்கிளில்: அப்பாவின் நினைவாகப் போக நினைக்கிறேன், ஆலோசனை தேவை

கொட்டகலைப் பையன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலையகத்தில் கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பன்னிரண்டு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்பவன். அப்பா எங்கள் தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் தோட்டத்து ஆபீசில் தப்பால் பையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் டவுனுக்கு இறங்குவார். மத்தியானம் கடிதங்களோடும், லயத்து வரிசை வீட்டார் சொல்லியனுப்பிய மருந்து, பாண், வெற்றிலையோடும் ஏறி வருவார். ஏறி வருவார் என்பது பேச்சுக்குத்தான், பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். இறக்கத்தில் பிரேக் போதாமல் செருப்புக் காலை முன் டயரில் வைத்து அழுத்துவார் என்பதால், வாசலில் கிடக்கும் அவருடைய சோடியில் வலது செருப்பு மட்டும் எப்போதும் பாதி தேய்ந்திருக்கும்.

2022-இல் அவருக்கு வாயில் புற்றுநோய் என்று சொல்லி, கொழும்புக்கு அருகே மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் அது. பஸ்ஸை நம்ப முடியாததால், கையிலிருந்த பணத்தில் ஏழு கியர் உள்ள பழைய சைக்கிளொன்றை வாங்கி, முதலாளி மாலையில் விட்ட இரண்டு மணித்தியாலத்துக்குள் வெள்ளவத்தையிலிருந்து மகரகமவுக்கு ஓடி, ஃபிளாஸ்கில் கொண்டுபோன கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அப்பா அந்த ஆடி மாதத்தில் காலமானார். அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வேனுக்கு டீசல் தேடிய கதையை எழுதினால் நீளும்.

அந்தச் சைக்கிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலேயே கொட்டகலை வீட்டு வாசலிலிருந்து மகரகம வைத்தியசாலை வரை போய், வழியில் சேரும் பணத்தை அங்கே புற்றுநோயாளர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆடி அமாவாசையன்று விரதமிருந்து புறப்பட வேண்டும் என்பது என் எண்ணம். நான் இதுவரை ஒரே நாளில் ஓடிய அதிக தூரம் 40 கிலோமீற்றர்தான், அதுவும் சமதரையில். இது நடக்கக்கூடிய காரியமா, சைக்கிளில் எதை மாற்ற வேண்டும், பணத்தை யார் பெயரில் சேர்ப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதுளை வாத்தியார் எழுதியது:

தம்பி, நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். ஊவாப் பக்கத்து மலைகளில் சைக்கிளோடு மாரடித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட அனுபவமும் உண்டு. உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத விடயங்கள் இரண்டு: திசையும் நாளும்.

முதலில் திசை. ஹட்டன் 1200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அவிசாவளை ஏறக்குறையக் கடல் மட்டத்தில் கிடக்கிறது. நீங்களும் சைக்கிளும் பொதியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1100 மீற்றர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 900 கிலோஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். அது இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். வேகமாகப் போனால் அதில் பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். ஆனால் வட்டவளைக்கும் கித்துல்கலைக்கும் இடையிலுள்ள வளைவுகளில், எதிரே பஸ் வருமா என்று தெரியாத நிலையில், யாரும் வேகமாகப் போக முடியாது, போகவும் கூடாது. மெதுவாகப் போனால் அந்த வெப்பம் முழுவதும் பிரேக் ரப்பரிலும் ரிம்மிலும் இறங்கும். ரிம் சூடேறி டியூப் வெடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய சைக்கிளில், 40 கிலோமீற்றர் பழக்கத்தோடு, மனதில் துக்கத்தோடு இறங்குவதை விட ஏறுவது பாதுகாப்பானது. ஏற்றத்தில் முடியாவிட்டால் உங்கள் அப்பாவைப் போல இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் முடியாவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே மகரகமவில் தொடங்கி வீட்டில் முடியுங்கள். கொழும்பு நகருக்குள் போக வேண்டியதே இல்லை: ஹைலெவல் வீதி என்னும் ஏ4-இல் ஹோமாகம வழியாக அவிசாவளை, அங்கிருந்து ஏ7-இல் கரவனல்லை, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன். மொத்தம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர், ஹட்டனிலிருந்து கொட்டகலை இன்னும் கொஞ்சம். இதை ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்கு மகரகமவை விட்டால் பஸ்கள் போட்டி போடத் தொடங்குமுன் ஹோமாகமவைத் தாண்டிவிடலாம். வெயில் ஏறுமுன் அவிசாவளை, மத்தியானம் கித்துல்கலை. அங்கே தங்கிக் காலை நீட்டிவிட்டு, மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்குங்கள். அந்த இரண்டாம் நாள்தான் உண்மையான நாள்.

சைக்கிளைப் பற்றி. ஏழு கியர் என்றால் பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல்லாகவும், முன்னால் 42 பல்லாகவும் இருக்கக்கூடும், எண்ணிப் பாருங்கள். அப்படியென்றால் மிக இலேசான கியரில்கூட பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு ஒன்றரைச் சுற்றுச் சுழலும். கினிகத்தேனை ஏற்றத்தில் அது முழங்காலைத் தின்றுவிடும். முன் பல்சக்கரத்தை 32 அல்லது 34 பல்லுக்கு மாற்றுங்கள். செலவு அதிகமில்லை, செயினை மட்டும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பிரேக் ரப்பர் நான்கும் புதிது, பிரேக் கம்பிகள் புதிது, கூடவே இரண்டு டியூப். உடுப்பில் கஞ்சத்தனம் பிடிக்கலாம், இவற்றில் கூடாது.

இனி நாள். ஆடி அமாவாசையில் தகப்பனாருக்கு விரதமிருப்பது நம்முடைய வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தென்மேற்குப் பருவமழையின் நடுப்பகுதி. வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் வட்டவளையை அந்த மாதத்தில், மூடுபனியில், வெறும் வயிற்றோடு கடப்பதை நான் ஒருபோதும் ஆமோதிக்க மாட்டேன். பெப்ரவரி நல்லது. சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டம் அந்தக் காலத்தில்தான் ஏ7-ஐ நிறைக்கும் என்பதால் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளையும் சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, பசி எடுக்குமுன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும். வாழைப்பழம், செவ்விளநீர், போத்தலில் கரைத்த ஜீவனி என்னும் உப்புச் சீனித் தூள் ஆகியவையே போதும். இப்போதிருந்து வாராவாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று மாதத்துக்குள் ஒரே நாளில் 80 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள்.


லிந்துலைத் தாத்தா எழுதியது:

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தம்பி. எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சைக்கிளுக்குச் செலவழிக்கும் காசையும் இரண்டு நாள் சம்பளத்தையும் அப்படியே ஒரு நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு, கோயிலில் ஒரு அன்னதானம் வைத்தால் புண்ணியம் குறைந்துவிடுமா? மலையில் சைக்கிள் ஓட்டினால் யாருக்கு நோய் குணமாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.


மாத்தளைத் தோழர் எழுதியது:

ஐயாவின் கேள்வி நியாயமானது. ஆனால் கேட்டுக் கொடுக்கும் மனிதர்களை விட, பார்த்துக் கொடுக்கும் மனிதர்கள் அதிகம். 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் முழு நீளத்தையும் நடந்தே கடந்தவர்கள் திரட்டிய பணம்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016-இல் அதே பாதையை எதிர்த்திசையில் நடந்து காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்குத் திரட்டினார்கள். நடந்தவர்களின் காலால் நோய் குணமாகவில்லை, ஆனால் வழியோரம் நின்றவர்கள் பணப்பையைத் திறந்தது அந்தக் கால்களைப் பார்த்துத்தான். 2023-இல் நம்மவர்கள், மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நானும் கடைசி இரண்டு நாள் சேர்ந்துகொண்டேன். அதுவும் மலையை நோக்கிய நடைதான் என்பதால், வாத்தியார் சொன்ன திசை எனக்கு வேறொரு காரணத்தாலும் பிடித்திருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு சுடுபட்ட அனுபவம். எங்கள் தோட்டத்தில் வாசிகசாலைக்கென்று நான்கைந்து இளைஞர்கள் பணம் சேர்த்தோம். ஒருவருடைய சொந்தக் கணக்கில் போட்டோம். ஒரு சதம்கூடக் களவு போகவில்லை. ஆனால் கணக்கை உடனே எழுதி ஒட்டவில்லை. மூன்று மாதத்துக்குள் அந்தப் பையன் புதுத் தொலைபேசி வாங்கினான், கதை முடிந்தது. இன்றைக்கும் காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்தப் பேச்சு இருக்கிறது. ஆகவே உங்கள் பெயரில் ஒரு ரூபாகூட வாங்காதீர்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கம் பதிவுசெய்யப்பட்டதாக இருந்தால், மூன்று பேர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய தனிக் கணக்கொன்றை அவர்களைத் திறக்கச் சொல்லுங்கள். சைக்கிள் செலவும் சாப்பாட்டுச் செலவும் அந்தக் கணக்கிலிருந்து போகக் கூடாது, அது உங்கள் சொந்தப் பணம். கிலோமீற்றருக்கு இத்தனை ரூபா என்று வாக்கு வாங்கிக்கொண்டு ஓடி முடித்த பிறகு கேட்பது இன்னும் நல்லது: கிலோமீற்றருக்கு 20 ரூபா என்றாலும் 110-க்கு 2200 ரூபா, கடை முதலாளிமார் கொடுக்கக்கூடிய தொகைதான்.


தாதி அக்கா எழுதியது:

தம்பி, நான் மலையகத்து அரசாங்க வைத்தியசாலையொன்றில் தாதியாக இருக்கிறேன். பணத்தைக் கொண்டுபோய் மகரகமவில் கொடுப்பதற்கு முன், எதற்கு என்று ஒரு தடவை யோசியுங்கள். அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எங்கள் தோட்டத்து நோயாளிகள் பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவதற்குக் காரணம் வேறு: பஸ் காசு, கூடப் போகிறவருக்குத் தங்க இடமில்லாமை, கூடப் போகிற நாளெல்லாம் போகும் பேர், அதாவது நாட்சம்பளம். கதிர்ச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் போக வேண்டியிருந்தால், கொழுந்தெடுத்துப் பிழைக்கும் மகள் எப்படி அப்பாவோடு போய் இருப்பாள்? உங்களுக்கு வெள்ளவத்தையில் வேலை இருந்தது, சைக்கிள் இருந்தது. அது இல்லாத வீடுகளை உங்கள் பிரதேசத்துத் தோட்டங்களிலேயே தேடி, போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் என்று அந்தப் பணத்தை ஒதுக்கினால், சிறிய தொகையும் ஒரு உயிருக்குப் பிரயோசனப்படும். வைத்தியசாலைக்கே கொடுப்பதென்றால், என்ன தேவை என்று பணிப்பாளருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் பொருளாகக் கொடுங்கள்.

இன்னுமொன்று. இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையுமே பெரும்பாலும் காரணம். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைப் பெரிதாகத் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் வைத்தியரிடம் காட்டினால் போதும், அவர் மேற்கொண்டு அனுப்புவார். நீங்கள் வீட்டுக்கு வந்து சேரும் நாளில் தோட்டமே கூடி நிற்கும். அந்த நாளில் ஒரு பல் வைத்தியரை வரவழைத்து வாய்ப் பரிசோதனை நடத்த முடியுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பாருங்கள். வழியில் யாருக்காவது ஆபத்தென்றால் 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தைச் சைக்கிள் கைப்பிடியில் எழுதி ஒட்டுங்கள்.


கொட்டகலைப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி பல்லை எண்ணிப் பார்த்தேன்: பின்னால் 28, முன்னால் 44. நான் நினைத்ததை விட மோசம். மாற்றக் கொடுத்துவிட்டேன்.

லிந்துலைத் தாத்தாவுக்கு: அன்னதானம் ஆடி அமாவாசையன்று வீட்டில் நடக்கும், அதை நான் விடவில்லை, தாத்தா. சைக்கிளைப் பற்றி எனக்கு நல்ல விடை தெரியவில்லை. கடைசி வாரத்தில் அப்பாவால் பேச முடியவில்லை. நான் வியர்வையோடு கட்டிலருகே போய் நின்றால், முதலில் என் காலைத்தான் பார்ப்பார், செருப்புத் தேய்ந்திருக்கிறதா என்று. அதற்கு மேல் என்னால் விளக்க முடியாது.

திசையை மாற்றிவிட்டேன். பெப்ரவரியில், போயா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மகரகம வைத்தியசாலை வாசலில் புறப்பட்டு, புதன்கிழமை மாலைக்குள் தோட்டத்துக்கு ஏறுவதாக இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது, அவரை வேனில் கொண்டுவந்த வழியிலேயே நீ ஓடி வரப்போகிறாயா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, வட்டவளையில் குளிரும், கம்பளிச் சட்டையை மறக்காதே என்றார். மரண உதவிச் சங்கத் தலைவர் தனிக் கணக்குத் திறக்கச் சம்மதித்திருக்கிறார். தாதி அக்கா சொன்ன மாதிரி, எங்கள் டிவிசனிலும் பக்கத்து டிவிசனிலும் மகரகமவுக்குப் போய்வருகிறவர்கள் ஐந்து பேர் இருப்பது விசாரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கித்துல்கலையிலிருந்து ஏறும்போது, கினிகத்தேனைக்கு முன் எங்கேயாவது நிழலோடு நின்று சாப்பிட இடம் உண்டா?


கினிகத்தேனைக் கடைக்காரர் எழுதியது:

தம்பி, கினிகத்தேனை டவுனுக்குச் சற்று முன்னால், ஏற்றம் முடிகிற இடத்தில், இடது கைப்பக்கம் என்னுடைய தேத்தண்ணிக் கடை. வெளியே நீல நிறத் தண்ணீர்த் தாங்கி இருக்கும். புதன்கிழமை காலை எத்தனை மணிக்கு வந்தாலும் ரொட்டியும் சம்பலும் இருக்கும், காற்றடிக்கப் பம்பும் இருக்கிறது. கிலோமீற்றருக்கு 20 ரூபா என் பெயரிலும் எழுதிக்கொள்ளுங்கள்.