நடிகருக்கான ஹெட்ஷாட்: ஸ்டூடியோவில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

மேடைக்காரன்_மதுரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் சில ஆண்டுகளாக மேடை நாடகங்களில் நடித்து வருகிறேன், வயது இருபத்தொன்பது. சென்னைக்கு வந்து திரைப்படங்களிலும் வெப் தொடர்களிலும் வாய்ப்புத் தேட எண்ணியிருக்கிறேன். கைபேசியில் எடுத்த படங்களை ஓர் உதவி இயக்குநருக்கு அனுப்பியபோது, முறையாக ஹெட்ஷாட், அதாவது வாய்ப்புக் கேட்டு அனுப்புவதற்கான முகப்படம், எடுத்து அனுப்புமாறு பதில் வந்தது. வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தேன். ஐந்து உடைகள், மேக்கப், பெரிய ஆல்பம் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய் என்கிறார்கள். தொகையைக் காட்டிலும் எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. நான் நல்ல கறுப்பு. இடது கன்னத்தில் சிறு வயதில் ஏற்பட்ட தழும்பு ஒன்றும் உண்டு. "ரெண்டையும் கரெக்‌ஷன்ல பார்த்துக்கலாம் சார்" என்று அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்வதா, மறுப்பதா? ஆல்பம் உண்மையில் தேவைதானா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாலிகிராமம்_வாசி

தம்பி, நடிகர் தேர்வுப் பணியில் உதவியாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தழும்பை அழிக்கவே வேண்டாம், நிறத்தையும் ஏற்ற வேண்டாம். படத்தைப் பார்த்து உங்களை ஆடிஷனுக்கு அழைப்பவர், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் ஆள் அந்தப் படத்தில் இருந்தவர்தான் என்று பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண வேண்டும்; படத்தில் ஒருவரும் நேரில் வேறொருவருமாக இருந்தால், நீங்கள் வசனத்தைத் தொடங்கும் முன்பே அவருடைய ஆர்வம் பாதி வடிந்துவிடும். ஒரு பாத்திரத்துக்குக் குவியும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி மழமழவென்று வழித்த முகங்களாக இருக்கும்போது, கன்னத்துத் தழும்போடு வரும் ஒரு முகம் நினைவில் நின்றுவிடுகிறது. அதை அழிப்பதற்குக் காசும் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஆல்பத்துக்குச் செலவிட வேண்டாம். கோடம்பாக்கத்தில் அலுவலகம் அலுவலகமாக ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் போய், இப்போது முதல் தேர்வு முழுவதும் கைபேசித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் 8x10 அங்குல அச்சுப்படத்தின் பின்பக்கம் விவரக்குறிப்பை இணைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கே சிலர் அச்சுப்போட்டுக்கொண்டு வருகிறார்கள், வாங்கி வைக்கத்தான் ஆளில்லை. தோள்வரை நேர்முகமாக ஒன்று, மெல்லிய சிரிப்புடன் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை முதல் கால்வரை முழு உருவம் ஒன்று என இவ்வளவு நன்றாக அமைந்தால் போதுமானது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குறைந்துவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர், உயரம், படம் எடுத்த மாதம் மூன்றும் இருக்கட்டும். வெறும் எண்களோடு வரும் கோப்பை ஒரு வாரம் கழித்துத் தேடி எடுக்க எவராலும் முடியாது.

ஒளிப்பெட்டி

படம் எடுப்பவன் என்ற முறையில் என் பங்குக்குச் சில. நம் ஊர் ஸ்டூடியோக்களில் பல, திருமணப் படங்களால் வாழ்பவை. அங்கே முகத்தை வெளுப்பாக்குவது வாடிக்கையாளர் கேட்டுப் பெறும் சேவையாகிவிட்டதால், நடிகர் வந்தாலும் கை தானாக அதே வேலையைச் செய்கிறது. ஆகவே, படம் எடுத்த பின் சண்டையிடுவதைவிட, பேசும்போதே தோலின் நிறத்தையும் அமைப்பையும் தொடக்கூடாது, அன்றைக்கு வந்த பருவையும் உடையில் ஒட்டிய நூலையும் மட்டும் நீக்கலாம் என்று எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

கறுத்த தோலை எடுப்பதில் சிக்கல் தோலில் இல்லை, ஒளியை அளப்பதில் இருக்கிறது. கேமராவின் மீட்டர், தனக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்கிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் உங்களை நிறுத்தி அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் பின்னணி மங்கி, முகம் இருண்டு போகும். பிறகு அதைக் கணினியில் தூக்கி நிறுத்தும்போது புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும், நிறமும் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். முகத்தை வைத்து ஒளியை அளந்து, பெரிய சாஃப்ட்பாக்ஸ் (விளக்கொளியை மென்மையாக்கிப் பரப்பும் துணிப்பெட்டி) ஒன்றைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் மென்மையான மினுமினுப்பு ஓடும். அந்த மினுமினுப்புதான் கறுத்த முகத்துக்கு வடிவம் தருகிறது. மேக்கப்காரர் பவுடர் போட்டு அதை முழுவதுமாக அடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால், தலைமுடி அதில் கரைந்துவிடாதபடி பின்னாலிருந்து ஒரு சிறு விளக்கு வேண்டும். கண்மணியில் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு புள்ளியாகத் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், அது இல்லாத கண் உயிரற்றுத் தெரியும்.

கைபேசிப் படம் ஏன் எடுபடவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அகன்ற கோணம் கொண்ட அதன் முதன்மை லென்ஸில் முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் மிக நெருங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. நெருங்கினால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கிவிடும். ஸ்டூடியோவில் 85 மி.மீ. லென்ஸைப் போட்டு இரண்டு மீட்டர் அளவில் தள்ளி நின்று எடுப்பது இதற்காகத்தான். உடையைப் பொறுத்தவரை, எழுத்தோ சின்னமோ இல்லாத ஒற்றை நிறச் சட்டை இரண்டு கொண்டு போங்கள். பொடிக்கட்டம் வேண்டாம், அது படத்தில் அலையலையாக நெளியும்.

வழக்குரை

ஸ்டூடியோவில் கையெழுத்துக் கேட்டால் படிவத்தைப் படித்த பிறகே போடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை முதலில் எடுக்கச் சொன்னவரையே சேரும். 'வேறு ஒப்பந்தம்' என்பது பெரும்பாலும் அந்தப் படிவத்தின் பொடி எழுத்துகளில்தான் ஒளிந்திருக்கும். இன்னொன்று: வாய்ப்பு நிச்சயம், ஆனால் நாங்கள் சொல்லும் ஸ்டூடியோவில்தான் போர்ட்ஃபோலியோ (படத்தொகுப்பு) எடுக்க வேண்டும் என்று எந்த ஏஜென்சியாவது சொன்னால், அவர்களுடைய வியாபாரம் அந்த ஸ்டூடியோப் பணம்தான் என்று புரிந்துகொண்டு விலகிவிடுங்கள்.

மேடைக்காரன்_மதுரை

மூவருக்கும் மிக்க நன்றி. ஆல்பத்தை விட்டுவிட்டேன், இரண்டு உடைகளுக்கு மட்டும் வேறு ஒருவரிடம் விலை கேட்டிருக்கிறேன், தோலைத் தொடக்கூடாது என்பதையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: நாடகத்துக்காக இப்போது அடர்ந்த தாடி வைத்திருக்கிறேன். மழித்துவிட்டுப் போகவா?

சாலிகிராமம்_வாசி

தாடியோடு போங்கள் தம்பி, டிரிம்மரையும் ரேசரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் சட்டையில் தாடியுடன் எடுத்து முடித்ததும் மீசையை மட்டும் விட்டு மழித்துக்கொண்டு இரண்டாவது சட்டைக்கு மாறுங்கள். மழித்த உடனே தோல் சிவந்தோ எரிந்தோ இருக்கும் என்பதால் இடையில் அரை மணி நேரமாவது விட்டுவிடும்படி படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாடகம் இன்னும் முடியவில்லை என்றால் மட்டும், இயக்குநரைக் கேட்காமல் ரேசரைத் தொடாதீர்கள்.