விபிஎன் சந்தாவை நிறுத்திட்டு டோருக்கு மாறலாமா?

கோவை செந்தில்: விபிஎன்னை (நம்ம நெட் போக்குவரத்தைப் பூட்டி, தன் சர்வர் வழியா அனுப்பற சேவை) இனி புதுப்பிக்கப் போறதில்லை. நாம எந்தத் தளத்துக்குப் போறோம்னு நெட் கம்பெனி பார்த்ததை இப்ப விபிஎன் கம்பெனி பார்க்குது, அவ்வளவுதான். 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு ஞாபகம் இருக்கா? விபிஎன் கம்பெனிங்க வாடிக்கையாளர் பேரு, முகவரி, ஐபி (நெட்ல நம்ம இணைப்போட எண்) எல்லாத்தையும் 5 வருஷம் வெச்சிருக்கணும். எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் ரெண்டும் இந்திய சர்வரையே தூக்கிட்டாங்க. டோர், நாம யாருன்னு மறைச்சு நெட் பார்க்க உதவற பிரவுசர், இலவசம். நம்ம போக்குவரத்து இடையில இருக்கற 3 சர்வர் (ரிலே) வழியா போகுது. முதல் ரிலேவுக்கு நாம யாருன்னு தெரியும், எந்தத் தளத்துக்குப் போறோம்னு தெரியாது. கடைசி ரிலேவுக்குத் தளம் தெரியும், ஆள் தெரியாது.

நர்மதா: ஆனா நீங்க டோர்ல இருக்கீங்கங்கறது நெட் கம்பெனிக்குத் தெரியுமே சார். 2013 டிசம்பர்ல ஹார்வர்ட் மாணவர் ஒருத்தர், பரீட்சையைத் தள்ளிப்போட டோர் வழியா வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கலை. அந்த நேரத்துல வளாக வைஃபைல டோர் யூஸ் பண்ணினது யாருன்னு வைஃபை பதிவை (லாக்) பார்த்தாங்க. விசாரிச்சதும் ஒத்துக்கிட்டார்.

கோவை செந்தில்: அதுக்குத்தானே பிரிட்ஜ் இருக்கு, பொதுப் பட்டியல்ல இல்லாத நுழைவு ரிலே. அதுல ஒரு வகையான ஸ்னோஃபிளேக்கை ஆன் பண்ணினா வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு வீடியோ கால் மாதிரி தெரியும்.

ரஃபீக்: அண்ணா, சாதாரண ஆளுக்கு இவ்வளவு எதுக்கு? ஆண்ட்ராய்டு 9-ல இருந்தே செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ் இருக்கு, தளத்தோட பேரைச் சொல்லி அதோட ஐபி கேட்கற கேள்வியை (டிஎன்எஸ்) மறைச்சு அனுப்பும். அதுல குவாட்9-ங்கற டிஎன்எஸ் சேவையைப் போட்டா முடிஞ்சது. வேகமும் குறையாது.

நர்மதா: முடியலை ரஃபீக். டிஎன்எஸ் கேள்வி மட்டும்தான் மறையும். அடுத்த நொடி தளத்தோட இணைப்பு தொடங்கும்போது எஸ்என்ஐ-ங்கற பகுதியில அந்தத் தளத்தோட பேரு அப்படியே வெளிப்படையா போகுது. அந்தப் பேரையும் பூட்டி அனுப்பற இசிஎச் முறை இருந்தா மறையும், ஆனா அந்தத் தளமும் அதுக்கு வசதி செஞ்சிருக்கணும். உங்க ஐபியும் மாறாது. இன்காக்னிட்டோவை இதுல சேர்க்கவே வேண்டாம், அது வீட்ல இருக்கறவங்ககிட்ட இருந்து ஹிஸ்டரியை மறைக்க மட்டும்தான்.

ரஃபீக்: சரி, அப்ப டோர்ல பேங்க் சைட் திறந்து காட்டுங்க. கேப்ட்சா மேல கேப்ட்சா, கடைசில அக்கவுண்டையே லாக் பண்ணிடுவான்.

கோவை செந்தில்: பேங்க்குக்கு ஏன் டோர்? அங்க நம்ம பேரைச் சொல்லித்தானே உள்ளே போறோம். நோய், வழக்கு, வேலை மாத்தறதுன்னு தேடறதுக்குத்தான் டோர். அதுலயும் கூகுள் கணக்கை லாகின் பண்ணிட்டா மூணு ரிலேயும் வீண்.

நர்மதா: இது வரைக்கும் ஒத்துக்கறேன். ஆனா வெளியூர் லாட்ஜ் வைஃபைல நாள் முழுக்க ஆபீஸ் வேலை பார்க்கறவங்களுக்கு டோர் வேகம் தாங்காது. என் விபிஎன் சந்தா தொடரும்.