சைலன்சருடன் கூடிய மஸில்லோடர்: வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

ஒஹாயோவில் வசிக்கிறேன். ஜனவரியில் வரும் மஸில்லோடர் மான் வேட்டைப் பருவத்துக்குத் தவறாமல் போகிறவன். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியைப் போலவே குழல் வாய்வழியே மருந்தைக் கெட்டித்துச் சுடும் வகைதான்.

சென்ற பருவத்தில் காதடைப்பான் இல்லாமல் ஒரே ஒரு முறை சுட்டேன். புகை கலைந்து மான் விழுந்து கிடந்தது தெரிந்தது. இடது காதில் மட்டும் ரீங்காரம் நிற்கவில்லை. இரண்டு நாள் நீடித்தது. இனி சைலன்சர் இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

சைலன்சர்கோ நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த மேக்ஸிம் 50 மஸில்லோடர் நினைவிருக்கும். சைலன்சர் குழலோடு நிரந்தரமாகப் பிணைந்தது. மத்தியச் சட்டப்படி பதிவும் தேவையில்லை, 200 டாலர் வரியும் இல்லை. அறிமுக விலை 999 டாலர்.

தனியாக வாங்கும் சைலன்சருக்கு 1934 முதல் இருந்த அந்த வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஆனால் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம் எல்லாம் அப்படியேதான். சைலன்சரின் விலையும் பல நூறு டாலர்.

மேக்ஸிம் 50 வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: கரிமருந்துக் கசடு உள்ளே படிந்தால் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? வெந்நீர் போதுமா? பழையது ஒன்று கிடைத்தால் எவ்வளவு கொடுக்கலாம்? மஸில்லோடரில் தனிச் சைலன்சர் பொருத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? மொத்தச் செலவையும் சொன்னால் பெரிய உதவி.