கறுப்புக் காரில் வெள்ளை வட்டம், வெயிலில் வலைக் கீறல்: போர் தண்ணியில் கழுவறவங்க வழி சொல்லுங்க

அவிநாசி கறுப்பு:
வணக்கமுங்க. கறுப்பு செடான், கம்பெனி பெயின்ட், எங்கயும் டச்சப் (பின்னாடி தொட்டு அடிச்ச பெயின்ட்) இல்லை. வீட்டுல போர் தண்ணிதான், டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு, லிட்டருக்கு மில்லிகிராம்ல) மீட்டர் 1,400 காட்டுது. வாரம் ஒருக்கா ஒரு பக்கெட் ஷாம்பு தண்ணி, துடைக்க பனியன் வேஸ்ட் (பனியன் கம்பெனிக் கழிவுத் துணி). இப்ப மூணு சிக்கல்.

பானெட், ரூஃப் மேல காசு அகலத்துக்கு வெள்ளை வட்டம். ஈரத்துணி போட்டா மறையுது, காஞ்சா திரும்ப வருது. வெயில்ல நிறுத்தினா சூரியன் தெரியற இடத்தைச் சுத்தி வலை மாதிரி கீறல். பேஸ்ட் வேக்ஸ் போட்டதுல பானெட் திட்டுத்திட்டா மங்கிருச்சு, பம்பர் ஓரத்துக் கறுப்பு பிளாஸ்டிக்ல வெள்ளையா படிஞ்சு நிக்குது. பட்டறையில ரப்பிங் (பெயின்டைத் தேய்ச்சுச் சீவற காம்பவுண்டு) போட்டா எல்லாம் போயிரும்ங்கறாங்க. போடலாமுங்களா?

டிங்கர் பட்டறை:
இப்போதைக்கு வேண்டாமுங்க. கம்பெனி பெயின்ட்ல கலருக்கு மேல இருக்கற நிறமில்லாத பூச்சு, அதான் கிளியர் கோட், பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கம்பளி பேடு வெச்சு ரஃப் காம்பவுண்டு ஓட்டினா அதுல ஒரு பங்கு போயிரும், திரும்ப வளராது. பானெட் மடிப்பு, கதவு ஓரம் இங்கயெல்லாம் கோட் இன்னும் மெலிசு, முதல்ல வெளுக்கறது அங்கதான். சூரிய வெளிச்சத்துல இருந்து பெயின்டைக் காக்கற மருந்தும் கிளியர் கோட்டோட மேல் பாகத்துல இருக்கு.

வட்டம் எந்த வகைன்னு முதல்ல பாருங்க. ஈரத்துல மறையறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தண்ணி பள்ளத்தை நிரப்பிக் கண்ணை ஏமாத்தும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணி (மெஷின்ல உப்பு எடுத்த தண்ணி) ஒரு பங்கு கலந்து, நிழல்ல வண்டி ஆறினதும் மைக்ரோஃபைபர் துணியை நனைச்சு வட்டத்து மேல ஒரு நிமிசம் போட்டு வைங்க. தேய்க்க வேண்டாம். எடுத்து, தண்ணி ஊத்தி, நல்லா காய விட்டுப் பாருங்க. போயிருந்தா மேல படிஞ்ச உப்பு. கிண்ணம் மாதிரி விளிம்பு தெரிஞ்சா உப்பு வெயில்ல காஞ்சு கிளியர் கோட்டை அரிச்சிருக்கு, அதை எந்த அமிலமும் எடுக்காது.

சோமனூர் தறி:
வினிகர் கிடைக்கலைன்னா லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட். ரெண்டுல எதுவானாலும் பெயின்ட் மேல காய விடக்கூடாது, அலாய் வீல், குரோம் பக்கம் வடியவும் கூடாது. முடிஞ்சதும் அந்த இடத்தை ஷாம்பு போட்டு ஒருக்கா கழுவிருங்க. "பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விட்டா போதும்"னு யாராவது சொன்னா அவங்க வண்டியில விடச் சொல்லுங்க.

அவிநாசி கறுப்பு:
வினிகர் போட்டுப் பாத்தாச்சுங்க. பானெட்ல முக்காவாசி போயிருச்சு. ரூஃப்ல கொஞ்சம் விளிம்போட நிக்குது. கீறலுக்கு என்ன காரணம்? மெத்துன்னு இருக்கற பனியன் துணியாலயுமா கீறல் விழும்?

நுரை வாளி:
துணி மெத்துன்னு இருந்தாலும் அது பிடிச்சு வெச்சிருக்கற மண்ணு மெத்துன்னு இல்லீங்களே. பனியன் வேஸ்ட்ல ரெண்டு குறை. ஓரத்துல ஓவர்லாக் தையல் இருக்கும், நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். துணியும் கலப்புதான், சில துண்டுல பிரின்ட் போட்ட ரப்பர் மையே இருக்கும். அதை விட முக்கியம், அதுக்கு இழை நீளம் கிடையாது. மண்ணை உள்ள இழுத்துக்க இடமில்லாததால பெயின்டுக்கும் துணிக்கும் நடுவுல வெச்சே இழுக்கும். எஞ்சின் துடைக்க அருமையான சாமான். கறுப்பு பெயின்ட்ல வேண்டாம்.

கழுவற முறையை மாத்துங்க. ரெண்டு வாளி, ரெண்டுலயும் அடியில மண் தடுக்கற வலைத்தட்டு. ஒண்ணுல ஷாம்பு, பத்து லிட்டருக்கு 20லிருந்து 30 மில்லி. பாட்டில்ல வேற அளவு போட்டிருந்தா அதைத்தான் கேக்கணும். உப்புத் தண்ணியில நுரை வராதுன்னு இன்னும் ரெண்டு மூடி ஊத்தறது பொதுவா நடக்கற தப்பு. நுரை கூடாது, படிவுதான் கூடும். இன்னொரு வாளி வெறும் தண்ணி.

முதல்ல வீல், வீல் ஆர்ச். அதுக்குத் தனி துணி, தனி வாளி. அப்புறம் கையே படாம தண்ணி அடிச்சு மண்ணை இறக்கணும், ரூஃப்ல இருந்து கீழ. பிரஷர் வாஷர் இருந்தா 40 டிகிரி விசிறி நாசில், ரெண்டு அடி தள்ளி. ஒரு அடிக்குள்ள போனா கல்லடி பட்ட இடத்துல பெயின்ட் உரியும். பொறவு மைக்ரோஃபைபர் மிட் (கையில மாட்டற கழுவுற உறை) போட்டு ரூஃப், கண்ணாடி, பானெட், கதவோட மேல் பாதி, கடைசியா கதவு அடிப்பாகமும் பம்பரும். நேர்கோட்டுல இழுங்க, வட்டம் போடாதீங்க, அமுக்காதீங்க. ஒவ்வொரு பேனலுக்கும் மிட்டை வெறும் தண்ணி வாளியில வலைத்தட்டு மேல தேய்ச்சு அலசிட்டுத்தான் ஷாம்புக்குப் போகணும். கீழ விழுந்த மிட் அன்னைக்கு ஓய்வு.

ஆடிக் காத்துல பாலக்காட்டுக் கணவாய் பக்கமிருந்து வீசறப்போ ஒரு கதவு முடிக்கறதுக்குள்ள முதல் கதவுல ஷாம்பு காஞ்சிரும். அந்த மாசங்கள்ல வெள்ளென, வெயில் ஏறறதுக்கு முந்தி, ஒரு பேனல் கழுவினதும் அலசிட்டு அடுத்ததுக்குப் போங்க.

இறகு டஸ்டர், காஞ்ச துணி, ரெண்டும் வண்டியில இருக்கவே கூடாது. தினமும் காலையில "தூசி தட்டறது"தான் பாதி வலைக் கீறல்.

சோமனூர் தறி:
தண்ணி பத்தி. குடிநீர் தர அளவே டிடிஎஸ் 500, மாத்து வழி இல்லாத ஊருக்கு 2,000 வரை அனுமதி. ஆக 1,400 தண்ணி காஞ்சா லிட்டருக்கு 1.4 கிராம் உப்பு வண்டியில நிக்கும். அத்திக்கடவு–அவிநாசி திட்டம் 2024 ஆகஸ்ட்ல தொடங்கிக் குளங்களுக்குத் தண்ணி வந்தாலும், ஆழமான போர்ல உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காதுங்க.

சாஃப்ட்னர் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும். டிடிஎஸ் குறையாது. கறை வரும், ஆனா ஈரத்துணிக்கே கரைஞ்சு போகும். அதுக்காகவே செலவு பண்ண வேண்டாம். மொத்தக் கழுவலும் போர் தண்ணியிலயே நடக்கட்டும், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணி. பத்து லிட்டர் போதும், பூவாளியில ஊத்துங்க. ஆத்துத் தண்ணி குழாய் இருந்தா அது. இல்லைன்னா ஏசி வடிகுழாய்த் தண்ணி. ஆவி குளிர்ந்து வர்றதால உப்பு கிட்டத்தட்ட இருக்காது. தட்டுல தூசி, பாசி இருக்கும், வேட்டித் துணியில வடிகட்டிக்கங்க. மழைத்தண்ணியும் ஆகும், முதல் மழையில ஓட்டு மேல இருக்கற அழுக்கு போன பொறவு பிடிச்சது. ஆர்ஓ மெஷின்ல வெளிய தள்ளற கழிவுத் தண்ணியை மட்டும் ஊத்திராதீங்க, போர் தண்ணியை விட உப்பு அதிகம். வீணாப் போகுதேன்னு அதுல வண்டி கழுவற வீடு நெறைய இருக்கு.

துடைக்க 60க்கு 90 சென்டிமீட்டர் மைக்ரோஃபைபர் டவல், 500 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மேல. விரிச்சுப் போட்டு ரெண்டு முனையையும் பிடிச்சு உங்க பக்கம் இழுங்க. லேபிளை முன்னாடியே வெட்டி எடுத்துருங்க. வாஷிங் மெஷின்ல கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி ஊத்தினா டவல் தண்ணி குடிக்காது.

அவிநாசி கறுப்பு:
புரிஞ்சுதுங்க. ஏற்கெனவே விழுந்த கீறல், ரூஃப்ல அரிச்ச வட்டம், இதுக்கு பாலிஷ்தான் வழிங்களா? இன்னொன்னு, ஆயுத பூசைக்கு பானெட்ல திருநீறு, சந்தனம் வெக்கறோம், அதுல ஏதாச்சும் கெடுதல்?

டிங்கர் பட்டறை:
பாலிஷ் வேற, ரப்பிங் வேற, வேக்ஸ் வேற. கடையில மூணையும் ஒட்டுக்கா "வேக்ஸ் பாலிஷ்"னு விக்கறாங்க. பாலிஷ் கிளியர் கோட்டை லேசா சீவி மட்டம் பண்ணும். வேக்ஸ் சீவாது, மேல மூடும்.

கழுவின ஈர பானெட் மேல பாலித்தீன் பையைக் கையில மாட்டித் தடவிப் பாருங்க. சொரசொரன்னா கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுக்கற களிமண் மாதிரி கட்டி) ஓட்டணும். கோயமுத்தூர்ல ஃபவுண்டரி பக்கம் நிக்கற வண்டின்னா இரும்புத் தூசி குத்தி நிக்கும், அதுக்கு முதல்ல அயர்ன் ரிமூவர் (இரும்புத் தூசியைக் கரைக்கற திரவம்) அடிச்சு ஊதாவா மாறினதும் அலசிருங்க. கிளே ஓட்டறப்போ ஷாம்பு தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்கணும். தரையில விழுந்த கிளேயைக் குப்பையில போடுங்க, அலசி எல்லாம் வராது.

பொறவு டிஏ பாலிஷர் (சுத்திக்கிட்டே ஆடவும் செய்யற பாலிஷ் மெஷின்), நடுத்தர ஃபோம் பேடு, ஃபினிஷிங் பாலிஷ் நாலு சொட்டு, கடலை அளவு. ரெண்டு அடிக்கு ரெண்டு அடி இடம், மெஷின் டயல்ல வேகம் 4 அல்லது 5, கை நகரறது நொடிக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர். குறுக்கும் நெடுக்குமா நாலு தடவை. ஓரங்கள்ல மாஸ்கிங் டேப். முதல்ல ஒரு மூலையில செஞ்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஆர்ஓ தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. துடைக்காமப் பாத்தா பாலிஷ்ல இருக்கற எண்ணெய் கீறலை நிரப்பி, "சூப்பரா போயிருச்சு"ன்னு தோணும். ரெண்டு கழுவல்ல எல்லாம் திரும்ப வந்து நிக்கும். பேடுல கறுப்பு ஏறினா உங்க பெயின்ட்ல கிளியர் கோட் இல்லைன்னு அர்த்தம், அங்கயே நிறுத்துங்க. நகத்துக்குத் தட்டுப்படற கீறலை விட்டுருங்க, அதைத் துரத்தினா கோட் தீந்துரும்.

திருநீறு சாம்பல், நெம்ப நைசான உராய்வுப் பொடி. வெக்கறதுல கெடுதல் இல்லை, காஞ்சதும் கையால தேய்ச்சு எடுக்கறப்பத்தான் பட்டை பட்டையா கீறும். அன்னைக்குச் சாயங்காலமே தண்ணி ஊத்தி ஊற வெச்சு வழிய விடுங்க. இல்லைன்னா நம்பர் பிளேட்லயும் கண்ணாடியிலயும் வெச்சுக்கலாம், சாமி கோவிச்சுக்காது.

நுரை வாளி:
வேக்ஸ் மங்கினதுக்கு ரெண்டு காரணம் இருக்கும். தடிமனா போட்டது, இல்லைன்னா சூடான பேனல்ல போட்டது. கறுப்பு பானெட் நம்ம சித்திரை வெயில்ல கை வெக்க முடியாது. மங்கின இடத்துல அதே வேக்ஸை மெலிசா தடவி உடனே துடைங்க, அதுல இருக்கற கரைப்பான் பழசை இளக்கிக் கூட்டிக்கிட்டு வந்துரும். அடுத்த தடவை ஒரு கதவுக்குக் கட்டைவிரல் நகம் அளவு போதும். விரலால ஒரு கோடு இழுங்க. கோடு சுத்தமா விழுந்தா துடைக்கற நேரம், வழுக்கி மங்கினா இன்னும் காயணும். கார்னோபா வேக்ஸ் (பனை வகை மரத்து மெழுகு) நம்ம வெயிலுக்கு ஒண்ணு ரெண்டு மாசம், சிந்தெடிக் சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) அதை விட நாள் நிக்கும். பாலிஷ் பண்ணினா ஆல்கஹால் துடைப்பு முடிஞ்ச பொறவுதான் ரெண்டுல எதுவும் ஒட்டும்.

பிளாஸ்டிக்ல படிஞ்ச வெள்ளைக்குப் பென்சில் ரப்பர், வெள்ளை நிறத்துது. சின்ன இடமா தேய்ச்சு, அதே ஆல்கஹால் கலவையில மெத்து பிரஷ் நனைச்சுத் துடைச்சிருங்க. தேங்காய் எண்ணெய் போட்டு மறைக்க வேண்டாமுங்க, ரெண்டே நாள்ல அவிநாசி ரோட்டுத் தூசி மொத்தமும் அங்கதான் ஒட்டியிருக்கும்.