முந்திரிக்கொத்து ஏன் எண்ணெயில் உடைகிறது? கிறிஸ்துமஸ் பலகாரமும் விடியக்காலை ஆப்பமும்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

வருஷா வருஷம் டிசம்பர் பிறந்ததும் இங்கே வருகிற கேள்விகள் இரண்டுதான். முந்திரிக்கொத்து (பயறு, வெல்ல உருண்டைகளை மாவில் முக்கிப் பொரிக்கும் பலகாரம்) எண்ணெயில் ஏன் உடைகிறது? அச்சுமுறுக்கு அச்சை விட்டு ஏன் இறங்க மாட்டேன் என்கிறது? இந்த வருஷம் கேள்வி வருமுன்னே பதிலை எழுதி வைக்கிறேன். கூடவே 25-ஆம் தேதி காலைச் சாப்பாட்டையும்.

நீங்கள் இருக்கும் வெளிநாட்டு ஊர்களில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் ஒரு நேரச் சாப்பாடு. குமரி மாவட்டத்தில் அது இரண்டு வார வேலை. கோட்டார் சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடிந்த கையோடு பயறு வறுக்க ஆரம்பித்தால்தான் நிதானமாக முடியும். முந்திரிக்கொத்து பதமாகச் செய்தால் மூன்று வாரம் தாங்கும், அதனால் அது முதலில். அச்சுமுறுக்கு 20-ஆம் தேதி வாக்கில் போதும்.

முந்திரிக்கொத்தில் முந்திரி எங்கே என்று வெளியூர் மருமக்கள் கேட்பார்கள். நம் பக்கம் அந்தப் பருப்புக்குப் பெயர் அண்டிப்பருப்பு. இங்கே முந்திரி என்பது திராட்சை. மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலைபோல நிற்பதால் அந்தப் பெயர்.

அளவு: சிறுபயறு அரை கிலோ, வெல்லம் 400 கிராம், நடுத்தரத் தேங்காய் ஒன்று, எள் 50 கிராம், ஏலக்காய் 10, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி. இதில் 60 உருண்டைக்குக் குறையாமல் வரும், அதாவது சுமார் 20 கொத்து.

பயறை மிதமான தீயில், கை எடுக்காமல் 12 முதல் 15 நிமிடம் வறுக்க வேண்டும். பச்சை நிறம் போய்ச் செம்பழுப்பு ஏறும். ஒன்றைக் கடித்தால் பொரிகடலைபோல மொறுக்கென்று உடைந்து மாவாக வேண்டும். பல்லில் ஒட்டினால் உள்ளே இன்னும் பச்சை. ஆறியபின் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, முதலில் இரண்டாக உடைத்துத் தொலியைப் புடைத்துவிட்டு, மறுபடி பொடிக்க வேண்டும். பாதி ரவை, பாதி மாவு என்ற பதம். நைசாக அரைத்தால் உருண்டை கல்லாகிவிடும். கொரகொரப்பு கூடினால் பிடி நிற்காது.

தேங்காய்தான் பலருக்குக் காலை வாரிவிடுகிறது. துருவலில் ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. சட்டியில் எண்ணெய் விடாமல், சிவந்து சலசலவென்று சத்தம் வரும்வரை வறுக்க வேண்டும். உறைய வைத்த துருவல் என்றால் அதற்கு 20 நிமிடம்கூட ஆகும், பொறுமை வேண்டும். கடையில் பொட்டலத்தில் கிடைக்கும் உலர்ந்த துருவல் நாலைந்து நிமிடத்தில் சிவந்துவிடும், கண்ணை எடுத்தால் கருகும். ஈரம் நின்றால் ஐந்தாம் நாளே டப்பாவில் பூஞ்சை.

அடுத்தது பாகு. வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்க விடுங்கள். விரல்களுக்கு நடுவே ஒரு கம்பி நீள வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். பதம் வருமுன் இறக்கினால் உருண்டை எண்ணெயின் சூட்டில் இளகி வெடிக்கும். 'உடைகிறது' என்று எழுதும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சிக்கல் இங்கேதான். பதம் தாண்டினால் உருட்டுமுன்பே இறுகிப் பொலபொலவென்று உதிரும். அப்போது வெந்நீரை ஒரு கரண்டி தெளித்துப் பிசைந்தால் ஓரளவு காப்பாற்றலாம். பாகை மொத்தமாகக் கொட்டாதீர்கள். பயறு, தேங்காய், வறுத்த எள், ஏலம், சுக்கு எல்லாம் கலந்த பொடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, பிடித்தால் நிற்கிறது என்றதும் நிறுத்திவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே சின்ன எலுமிச்சை அளவுக்கு இறுக்கி உருட்ட வேண்டும்.

இனி அவசரக்காரர்கள் தவற விடும் இடம். உருண்டைகளைத் தட்டில் பரப்பி, மூடாமல், ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். வெளித்தோல் காய்ந்து இறுகும். அன்றைக்கே பொரித்தால் பாதி சட்டியில் கரையும்.

மறுநாள் மேல்மாவு: பச்சரிசி மாவு கால் கிலோ, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர். மைதா இரண்டு கரண்டி சேர்ப்பவர்களும் உண்டு, அது நன்றாக ஒட்டும். ஆனால் மொறுமொறுப்பு குறையும் என்பதால் எனக்கு இஷ்டமில்லை. பஜ்ஜி மாவைவிட ஒரு சுற்று இளக்கமாக இருக்கட்டும். நீர்த்துப்போனால் எண்ணெய் உள்ளே நுழைந்து வெல்லம் கருகி, அந்தச் சட்டி எண்ணெய் முழுக்கக் கறுத்துவிடும். கெட்டியானால் தடித்த ஓடு. மூன்று உருண்டையை ஒன்றாக விரல்களில் ஏந்தி முக்கி, அப்படியே சேர்த்துச் சட்டியின் ஓரமாக வழுக்கி விடுங்கள். நடுவில் ஓடும் மாவுதான் பசை. விட்டதும் கிளறக் கூடாது. ஒரு நிமிடம் கழித்துத் திருப்பலாம். எண்ணெய் 170 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டாம். மின்னடுப்பில் போன சூடு திரும்ப நேரம் எடுக்கும், ஆகவே ஈட்டுக்கு இரண்டு கொத்துக்கு மேல் போடாதீர்கள். உதிர்ந்த மாவுத் துணுக்கை ஒவ்வொரு ஈட்டுக்கும் அரித்து எடுங்கள். நன்றாக ஆறின பிறகே டப்பா.

அச்சுமுறுக்குக்கு மாவு பெரிய காரியமில்லை, அச்சுதான் காரியம். பச்சரிசி அரை கிலோ ஊறவைத்து, வடித்து, இடித்துச் சலித்த மாவு. முட்டை 2, சீனி 150 கிராம், முதல் தேங்காய்ப்பால் 400 மில்லி, கறுப்பு எள் ஒரு கரண்டி, உப்பு. கடை மாவு காய்ந்தது, பாலை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். தோசை மாவு பதம். சீனி கூடினால் சீக்கிரம் சிவந்து, ஆறியதும் நமத்துப் போகும்.

புது அச்சை இரண்டு நாள் கஞ்சித்தண்ணீரில் போட்டு வைத்து, துடைத்து, காயும் எண்ணெயில் கால் மணி நேரம் கிடத்துங்கள். பொரிக்கும் நாளில் அச்சு எண்ணெய்க்குள்ளேயே சூடாக வேண்டும். மாவில் முக்கும்போது முக்கால் உயரம் மட்டும். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மூடிக்கொண்டால் அது எந்த ஜென்மத்திலும் கழன்று வராது. முக்கியதும் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் அச்சு ஆறிப்போயிற்று, மாவு வழிந்துவிடும். பொரிகிற சத்தம் பலமாகக் கேட்டால் அச்சின் சூடு அதிகம், மாவு பிடிக்காது. ஒரு நொடி வெளியே பிடித்துவிட்டு முக்குங்கள். எண்ணெயில் இறக்கி அரை நிமிடம் பிடித்து லேசாக உதறினால் பூ தானாக இறங்கும். மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து வைப்பதோடு சரி, சோப்பு போட்டால் மறுபடி பழக்க வேண்டும். ஊரிலிருந்து அச்சு கொண்டுபோகாதவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்வீடன், நார்வேக்காரர்களும் இதே மாதிரிப் பலகாரம் செய்வார்கள். அவர்களுடைய ரோசெட் அச்சு நமக்கும் அச்சாகப் பொருந்தும்.

இனி ஆப்பம். விடியக்காலை ஆராதனையோ நடுச்சாமப் பூசையோ முடிந்து வீட்டுக்கு வந்ததும் உட்காரும் சாப்பாடு ஆப்பமும் கறியும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த மாவட்டம் என்பது இந்தத் தட்டைப் பார்த்தாலே தெரியும். முன்பு கள் ஊற்றிப் புளிக்க வைத்த மாவுக்கு இப்போது ஈஸ்ட். பச்சரிசி 2 கப் நாலு மணி நேரம் ஊறட்டும். தேங்காய் ஒரு கப், சோறு ஒரு கைப்பிடி சேர்த்து அரையுங்கள். அரைபடும்போதே கொரகொரப்பாக இரண்டு கரண்டி எடுத்து, ஒரு கப் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் ஈஸ்ட் செத்துப்போகும், மாவு விடிய விடிய அப்படியே கிடக்கும். ஈஸ்ட் கால் தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி. குளிர் நாட்டில் ஓவன் அடுப்பைப் பற்றவைக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள். காலையில் உப்புப் போட்டு, இரண்டாம் பால் விட்டு இளக்கிச் சுற்றலாம். மாவு ஓரத்தில் ஏறாமல் நடுவிலேயே சேர்ந்துவிட்டால் சட்டியின் சூடு அதிகம்.

கறிக்கு ஒரு கிலோ ஆட்டிறைச்சி. ஒன்றரைக் கப் துருவலைச் சின்னத் தீயில் கால் மணி நேரம், செம்பு நிறம் வரும்வரை வறுத்து, இறக்கப் போகும்போதுதான் மல்லித்தூள் 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை, மிளகு, பெருஞ்சீரகம் சேர்க்க வேண்டும். தூளை முதலிலேயே போட்டால் கசக்கும். வெள்ளாட்டுக்கறி கிடைக்காத ஊரில் செம்மறி வாங்கினால் கொழுப்பைச் செதுக்கி எடுத்துவிடுங்கள், வேகும் நேரத்தையும் குறையுங்கள். இந்தக் கறியை 24 மாலையே வைத்துவிடலாம், மறுநாள் ருசி கூடும். தேங்காய்ப்பால் ஸ்டூ செய்கிறவர்கள் காய், இறைச்சியை மட்டும் முன்னாளே வேகவைத்துவிட்டு, முதல் பாலைக் காலையில் ஊற்றுங்கள்; ஊற்றியபின் கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

மதியத்துப் பிரியாணிக்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு உண்டு, அதில் நான் தலையிடவில்லை. ஆப்ப மாவு மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து 26 காலைக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் புளிப்பு கறியையே விழுங்கிவிடும்.