மிக்-21 மாதிரியில் வெள்ளி நிறம் மணல்போலப் படிகிறது: சுரண்டி எடுத்துவிட்டுத் தொடங்கவேண்டுமா?

கேள்வி: வளவுக்காரன், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மான் இந்திய விமானப்படையில் தரைப்பணித் தொழில்நுட்பராக இருந்தவர்; 1970களின் பிற்பகுதியில் தேஜ்பூர் தளத்தில் மிக்-21 போர்விமானங்களின் உடற்பகுதி வேலைகளைப் பார்த்தவர். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அந்த விமானங்களுக்கு விடைகொடுத்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் முழுவதும் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல வெள்ளியாட்டம் இருக்கும், இப்ப எல்லாம் சாம்பலாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். வரும் ஆவணியில் அவருக்குப் பீமரத சாந்தி நடக்கவிருப்பதால், அவர் சொன்ன அந்த வெள்ளி நிறத்திலேயே, 48இல் 1 அளவில் ஒரு மிக்-21 செய்து அவர் கையில் கொடுக்கவேண்டும் என்று, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரி செய்யும் கிட் ஒன்றை வாங்கினேன். இதற்கு முன் 72இல் 1 அளவில் இரண்டு விமானங்களை மட்டுமே செய்திருக்கிறேன். இரண்டுக்கும் பச்சையும் பழுப்புமான உருமறைப்பு வண்ணம் என்பதால் இப்போது வந்திருக்கும் சிக்கல் எதுவும் அப்போது எழவில்லை.

உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டி, முதுகுப் பக்கம் இருந்த இடுக்கைப் பட்டி வைத்து அடைத்து, 400ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு சாம்பல் நிறப் பிரைமர் அடித்து, சென்ற ஞாயிறு முற்பகல் பதினொரு மணியளவில் மொட்டைமாடியில் வைத்து ஏர்பிரஷில் அக்ரிலிக் வெள்ளி வண்ணம் மூன்று பூச்சு அடித்தேன். கருவியை ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் பிடித்திருந்தேன். காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ. காய்ந்தபின் தொட்டுப் பார்த்தால் விரலுக்கு நுண்மணல்போல நெருடுகிறது. பிரைமர் அடித்தபோது கண்ணுக்கே தெரியாதிருந்த முதுகுக் கோடு, சாய்வான வெளிச்சத்தில் இப்போது மூக்கிலிருந்து வால் வரை தெளிவாகத் தெரிகிறது. இறக்கையின் அடிப்பக்கத்தில் சோதனைக்காக ஒட்டிய விமானப்படை வட்டச் சின்னத்தைச் சுற்றியும் பனி படர்ந்ததுபோல ஒரு வெண்மை நிற்கிறது.

முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டுமா, அல்லது மேலேயே தேய்த்துச் சரிசெய்ய இயலுமா? சித்திரை வெயிலில் இந்த ஊரில் வண்ணம் அடிப்பதே தவறா? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் குறைகளைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1: தேவகோட்டை மாதிரிக்கூடம்

தம்பி, நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. முதலில் முதுகுக் கோடு. பச்சையும் பழுப்பும் ஒளியை விழுங்கிக்கொள்வதால் சிறு கீறல்களை மறைத்துவிடும். வெள்ளி வண்ணத்தில் உள்ள உலோகச் செதில்களோ பரப்பின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் திரும்பி நின்று ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே பிரைமரில் தெரியாத கோடு வெள்ளியில் தெரிந்தது இயல்பே.

மணல்போன்ற நெருடலுக்கு வெயிலும் நீங்கள் பிடித்த தொலைவும் சேர்ந்து காரணம். ஏர்பிரஷிலிருந்து புறப்படும் வண்ணத்துளி ஈரமாகவே பிளாஸ்டிக்கைத் தொட்டு, பக்கத்துத் துளியோடு கலந்து பரவவேண்டும். ஒரு சாண் தொலைவில், 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில், சித்திரை மாதத்து மாடி வெப்பத்தில், அந்தத் துளி வழியிலேயே காய்ந்து தூளாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அழுத்தத்தை 12 முதல் 15 வரை குறைத்து, கருவியை நான்கு விரற்கடை அளவுக்கு அருகில் கொண்டுவாருங்கள். வண்ணத்தோடு ஏறத்தாழச் சம அளவு தின்னரும், உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில துளிகளும் சேருங்கள். பொழுது விடியும் நேரத்தில், வீட்டுக்குள் அடியுங்கள். நம் பக்கத்து வீடுகளின் கனத்த சுவர்கள் உள்ளறைகளை விடியற்காலையில் குளிர்ச்சியாக வைத்திருக்கும். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் தூசியும் எழாது. ஆனால் ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும். கரிவடிகட்டி பொருத்திய முகக்கவசமும் இல்லாமல் அடிக்கவேண்டாம்.

காலக்கெடுவையும் எண்ணிப் பாருங்கள். ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் எந்த அறையிலும் புழுதியைத் தடுக்க இயலாது. ஐப்பசிவரை தள்ளினால் மழைக்கால ஈரப்பதம் வேறொரு குறையைக் கொண்டுவரும்: லாக்கர் வகை வண்ணம் அடிக்கும்போது அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கும், அதன்மேல் காற்றின் ஈரம் படிந்து வண்ணம் வெளுத்துப்போகும். ஆனி முடிவதற்குள் வெள்ளிப் பூச்சை முடித்துவிடுங்கள்.

டெக்கால் எனப்படும் அந்த ஒட்டுச் சின்னத்தைச் சுற்றி நிற்கும் வெண்மை, அதன் அடியில் சிக்கிய காற்று. நெருடலான பரப்பில் ஒட்டினால் மேடுகளில் மட்டும் டெக்கால் படிந்து, பள்ளங்களில் காற்று நின்றுவிடும். ஒட்டுவதற்கு முன் பளபளப்பான நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். டெக்காலை ஊறவைக்க, பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரைப் பயன்படுத்தினால் உப்புக்கறை படியாது.

என் கருத்தில் முழுவதையும் எடுத்துவிடுவதே நல்லது. அக்ரிலிக் என்பதால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். விமானி அறைக் கண்ணாடியில் மட்டும் அது பட்டுவிடக் கூடாது, நுண்விரிசல் விடலாம். லாக்கர் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் ஆகிய மூன்றின் பக்கமும் போகவேண்டாம், பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

மறுமொழி 2: சுண்ணாம்புக்கரண்டி, கானாடுகாத்தான்

நான் பழைய வீடுகளின் சுவர்ப்பூச்சை மராமத்துச் செய்யும் பணியில் இருப்பவன்; ஓய்வு நேரத்தில் மாதிரிகள் செய்கிறேன். தேவகோட்டை அண்ணன் சொன்ன காரணங்கள் அனைத்தும் சரியானவை. முழுவதையும் கரைத்தெடுக்கவேண்டும் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு.

நம் வீடுகளின் உட்சுவர்கள் நூறாண்டு கடந்தும் கண்ணாடிபோல மின்னுவதைப் பார்த்துவிட்டு, மேலே பூசிய முட்டை வெள்ளைக்கருக் கலவைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். மேற்பூச்சு மிக மெல்லியது. கீழே உள்ள ஒவ்வொரு படலமும் முந்தைய படலத்தைவிட நுண்மையான கலவையால் இடப்பட்டு, மட்டம் பார்த்து, ஈரம் முழுவதும் போவதற்குள் தேய்க்கப்பட்டிருக்கும். அடிப்பூச்சில் கரண்டித் தடம் ஒன்று நின்றுவிட்டால், மேலே எத்தனை முறை மெருகேற்றினாலும் மாலை வெயில் சாளரம் வழியாகச் சாய்ந்து விழும்போது அது தெரிந்தே தீரும். உங்கள் முதுகுக் கோடும் அத்தகையதே. 400ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டீர்கள். இந்த அளவு மாதிரியில் கால் மில்லிமீட்டர் இடுக்கு என்பது உண்மை விமானத்தில் 12 மில்லிமீட்டர், அதாவது விரல் நுழையும் பிளவு.

ஆகவே வெள்ளியைக் கரைக்காமல், பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் நீர்த்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, 800, 1200, 2000 என்ற வரிசையில் தேய்த்துப் பாருங்கள். மேலே இருக்கும் தூள் போய்விடும். அடியில் பிரைமர் உறுதியாக இருந்தால் அதுவே உங்களுக்கு மட்டமான தளமாகும். கரைப்பானைப் பயன்படுத்தும்போது சில வகைப் பட்டிகள் இளகி, அடைத்த இடுக்கு மறுபடி திறந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். முதுகுப் பக்கத்தில் அந்த இடரை ஏன் விலைக்கு வாங்கவேண்டும்?

மறுமொழி 3: தேவகோட்டை மாதிரிக்கூடம்

கானாடுகாத்தான் தம்பி சொல்வதை முதுகுப் பகுதிக்கு நான் ஏற்றுக்கொள்கிறேன். இறக்கைக்கு ஏற்க இயலவில்லை. தகடுகள் சேரும் இடங்களைக் காட்ட இறக்கைகளின் மேல் உள்ள பேனல் கோடுகள் மயிரிழை ஆழமே கொண்டவை. பிரைமரும் மூன்று பூச்சு வெள்ளியும் அவற்றில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். தேய்த்தால் மேட்டில் இருப்பது போகும், கோட்டுக்குள் இருப்பது தங்கிவிடும். தேய்த்த தூளும் அதோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கேள்வி கேட்டவர் ஓர் ஊசிமுனையை அழுத்தாமல் அந்தக் கோடுகளின் வழியே ஓட்டிப் பார்க்கட்டும். ஊசி தடையின்றி ஓடினால் தேய்த்தால் போதும்; வழுக்கி வெளியே வந்தால் அந்த இடத்தைக் கரைத்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற தரைக்குழு, புதுக்கோட்டை

வணக்கம். உங்கள் அம்மானைப்போல நானும் அந்த விமானங்களோடு பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், வெள்ளி என்று நாங்கள் சொன்னது எந்த வெள்ளி என்பதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. எவர்சில்வர்ப் பாத்திரத்தின் பளபளப்பு அதில் கிடையாது. அலுமினியக் கலவைத் தகட்டின்மேல் பாதுகாப்புக்காக நிறமற்ற லாக்கர் பூசப்பட்டிருக்கும். வெயிலிலும் மழையிலும் நின்றபின் அது சற்று மங்கி, பழைய அலுமினியக் குண்டான் விளக்கி வைத்ததுபோல இருக்கும். பளபளக்கும் கறுப்பின்மேல் அடிக்கும் கண்ணாடி மெருகு வண்ணங்களை வாங்கினால் கடையில் விற்கும் பொம்மைபோல ஆகிவிடும். சாம்பல் அடித்தளத்தின்மேல் சாதாரண அலுமினிய வண்ணமே போதும்.

தகட்டுக்குத் தகடு நிறம் மாறும் என்பதையும் மறவாதீர்கள். பின்புற வெப்பக்குழாயைச் சுற்றியுள்ள பகுதி வெப்பத்தால் கருத்து, சற்றுப் பழுப்பேறி இருக்கும். அங்கே வெள்ளியோடு கறுப்பும் பழுப்பும் சில துளிகள் கலந்து, பக்கத்துத் தகடுகளை நாடாவால் மறைத்து அடியுங்கள். மூக்கின் நடுவே நிற்கும் கூம்பும் வால்துடுப்பின் உச்சியும் உலோகம் அல்ல. ரேடாரும் வானொலியும் வேலை செய்வதற்காக மின்கடத்தாப் பொருளால் செய்யப்பட்டவை, பெரும்பாலும் அடர்பச்சை. வட்டச் சின்னத்தில் காவி வெளியேயும் வெள்ளை நடுவிலும் பச்சை உள்ளேயும் வரும்.

வெள்ளி சரியாக வராவிட்டால் உருமறைப்பு வண்ணம் அடித்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். அதற்கும் வரலாற்றில் இடம் உண்டு. 1971 போரையொட்டி வெள்ளி மிக்-21 விமானங்கள் பலவற்றின்மேல் தளங்களிலேயே பச்சையும் பழுப்பும் பூசப்பட்டன. ஒரே வகை விமானங்கள் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறு வேறு கோலத்தில் நின்றன. அந்த டிசம்பர் 12 அன்று, ஜாம்நகரிலிருந்து பறந்த 47ஆம் படைப்பிரிவின் மிக்-21 ஒன்று பாகிஸ்தானின் எஃப்-104 விமானத்தைக் கட்ச் வளைகுடாவின்மேல் வீழ்த்தியது. அதைச் செய்வதும் பெருமைக்குரியதே. ஆனால் உங்கள் அம்மான் கேட்டது வெள்ளி. சோர்ந்துவிடாமல் அதையே முடியுங்கள்.

மறுமொழி 5: வளவுக்காரன், காரைக்குடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஊசிச் சோதனையில் இறக்கைகள் தோற்றன, உடற்பகுதி தேறியது. ஆகவே இறக்கைகளையும் வாலையும் ஆல்கஹாலால் துடைத்தெடுத்துவிட்டு, முதுகை மட்டும் நீர்த்தாளால் 2000 வரை தேய்த்தேன். ஒரு மாலை முழுவதும் மேசை விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்துக்கொண்டு கோட்டைத் தேடினேன். விமானி அறைக்குப் பின்னால் இரண்டு இடங்களில் மட்டும் பள்ளம் இருந்தது. அவற்றை அடைத்து, தேய்த்து, பிரைமரையும் மெல்லிய பூச்சாக மறுபடி அடித்து, அந்தப் பிரைமரையும் தேய்த்தேன்.

வெள்ளியை நேரே விமானத்தில் அடிக்காமல், ஐஸ்கிரீம் கரண்டிகளில் ஐந்து நாள் விடியற்காலையில் அடித்துப் பழகினேன். 14 பிஎஸ்ஐ அழுத்தத்தில், நான்கு விரற்கடைத் தொலைவில், ரிட்டார்டர் சேர்த்து அடித்த கரண்டியில் நெருடல் அறவே இல்லை. நேற்று இறக்கைகளுக்கு அடித்தேன். பதினைந்து சென்டிமீட்டர் அகலமே உள்ள இறக்கையில் ஒவ்வொரு பேனல் கோடும் நிற்கிறது. புதுக்கோட்டை ஐயா சொன்ன அலுமினியக் குண்டானின் நிறமும் வந்திருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி மட்டும் உள்ளது. மூக்கின் மேற்புறம் முன்னோக்கி நீளும் பிட்டாட் குழாய் (விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் குழாய்), கிட்டில் தடித்த பிளாஸ்டிக்காக இருக்கிறது. அதை அச்சிலிருந்து வெட்டும்போதே வளைந்துவிட்டது. நிமிர்த்தலாமா?

மறுமொழி 6: தேவகோட்டை மாதிரிக்கூடம்

நிமிர்த்தவேண்டாம், முறிந்துவிடும். மருந்துக்கடையில் இரு வேறு தடிமனில் ஊசிகள் வாங்கி, கூர்முனையை அரத்தால் தேய்த்து நீக்கிவிட்டு, மெல்லியதைத் தடித்ததற்குள் செருகி ஒட்டினால் உண்மையான குழாயைப்போலவே படிப்படியாக மெலிந்து நீளும். உலோகம் என்பதால் வண்ணமும் தேவைப்படாது. மூக்கில் அதற்கான துளையை இப்போதே கைத்துரப்பணத்தால் போட்டுவையுங்கள். குழாயை மட்டும் இப்போது ஒட்டாதீர்கள். டெக்கால், வார்னிஷ் என்று மாதிரியை இன்னும் பலமுறை கையில் எடுத்துத் திருப்பவேண்டியிருக்கும், விழாவன்று வீடு முழுவதும் பிள்ளைகளும் இருப்பார்கள். அம்மானிடம் கொடுக்கும் நாளன்று காலையில் ஒரு சொட்டுப் பசை வைத்துச் செருகினால் போதும்.